வாடகை வீட்டுக் குளிர்: சில குறிப்புகள்

பிளக்கில் குத்தும் ஹீற்றரிலிருந்து தொடங்குகிறேன். லண்டனில் ஈஸ்ட்ஹாமிலோ ஹரோவிலோ ரூற்றிங்கிலோ தனி அறை எடுத்திருக்கும் பெடியன்கள் பலரிடம் ஒன்று இருக்கும். கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருப்பார்கள், வீட்டுக்காரர் வந்தால் கண்ணில் படக்கூடாது. 2 கிலோவாற் ஹீற்றர் வேலையால் வந்த நேரம் தொடங்கிப் படுக்கும்வரை ஐந்து மணி நேரம் நிற்காமல் ஓடினால் 10 யூனிற். 2025-26 குளிர்காலத்தில் மின்சாரம் யூனிற்றுக்கு 26, 27 பென்ஸ் அளவில் போனது. நாளுக்கு 2 பவுண் 70 பென்ஸ், மாதம் முடிய 80 பவுண். அதே சூட்டைச் சுவரோடு இருக்கும் ரேடியேற்றர் தந்திருந்தால், காஸ் யூனிற் 6 பென்ஸ் என்ற கணக்கில், பொயிலர் பத்தில் ஒரு பங்கை வீணாக்கினாலும் 70 பென்ஸுக்குள் அலுவல் முடிந்திருக்கும்.

இதைச் சொன்னபோது ஒரு தம்பி கேட்டான்: "அண்ணை, ரேடியேற்றர் சுவிச் என்ர கையில இல்லையே?" சரியான கேள்வி. காலையில் ஒரு மணி நேரம், இரவில் இரண்டு மணி நேரம் என்று வீட்டுக்காரர் நேரம் வைத்திருக்கிறார். கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மேல் பிளாஸ்ரிக் மூடி, மூடிக்குப் பூட்டு. காஸில் மிச்சம் பிடிப்பதாக அவர் நினைக்கிறார். அறைக்கு அறை பிளக் ஹீற்றர் ஓடி மின்சாரப் பில் அதைவிட மேலே போகிறது. பில் வாடகைக்குள் அடக்கம் என்றால் நட்டம் அவருக்கே. பில் தனி என்றால் பெடியன்களின் தலையில்.

அப்படி மாட்டுப்பட்டவர்களுக்கு நான் சொல்வது மின்சாரப் போர்வை. 100 வாற் போர்வை ஐந்து மணி நேரத்துக்கு அரை யூனிற், 13 பென்ஸ் சொச்சம். அறையை விட்டுவிட்டு ஆளை மட்டும் சூடாக்குவது. சுவர் ஈரம் அதனால் காயாது. அது வேறு பிரச்சினை, பிறகு வருகிறேன்.

*

எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு மிச்சம் என்றால் லைற் நூர்ப்பதுதான். அறை அறையாகப் போய் நூர்ப்பார்கள். 9 வாற் எல்.ஈ.டி. குமிழ் ஐந்து மணி நேரம் எரிந்தால் ஒரு பென்ஸ் சொச்சம். இந்த நாட்டு வீடுகளில் செலவாகும் சக்தியில் முக்கால்வாசிக்கு மேல் அறையையும் தண்ணீரையும் சூடாக்கவே போகிறது. லைற்றை நூருங்கோ, நல்ல பழக்கம். பில் குறைய வேண்டுமென்றால் சூட்டைப் பாருங்கோ. 9 கிலோவாற் மின்சார ஷவரின் கீழ் பத்து நிமிடம் நின்றால் ஒன்றரை யூனிற். அந்தக் குமிழை ஒரு மாதம் எரிக்கலாம்.

*

"கவர்ன்மென்ற் கப் 1,758 பவுண் எண்டு நியூஸில சொன்னவை, எனக்கு 2,300 வந்திருக்கு, கூட எடுத்துப்போட்டாங்கள்." சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட மண்டபத்தில், பிள்ளைகளை வகுப்புக்குள் விட்டுவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர் மத்தியில் நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. எனக்குப் பில் வாசிக்கத் தெரியும் என்று எப்படியோ பரவிவிட்டது.

ஒஃப்ஜெம் என்ற கண்காணிப்பு அமைப்பு 2019 ஜனவரியில் கொண்டுவந்த அந்தக் "கப்", அதாவது விலை உச்சவரம்பு, ஒரு யூனிற்றின் விலைக்கும் நாளாந்த நிலையான கட்டணத்துக்கும் போட்ட எல்லை. மொத்தப் பில்லுக்கு எல்லை கிடையாது. 1,758 என்பது 2026 ஜனவரி முதல் மார்ச் வரைக்கான விலையில், ஒரு சராசரி வீடு ஆண்டு முழுக்கப் பாவித்தால் வரும் தொகை. கூடப் பாவித்தால் கூட வரும். 2022 ஒக்டோபரில் இருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இது மாறுகிறது. இப்படி ஒரு "சராசரி வீட்டை"த் தலைப்புச் செய்தி ஆக்குவது எவருடைய யோசனையோ தெரியாது. நல்ல யோசனை இல்லை.

2026 தொடக்கத்தில் நாளாந்தக் கட்டணம் மின்சாரத்துக்கும் காஸுக்கும் சேர்த்து 90 பென்ஸ் அளவில் இருந்தது. அந்தக் கணக்கில், ஊருக்குப் போய் ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தாலும் 27 பவுண் எழுதப்படும்.

*

வீடு மாறும் நாளில் முதல் வேலை மீற்றரைப் படம் எடுப்பது. சாமான் ஏற்றுவதற்கு முதல். திகதியோடு. பழைய ஆளின் கடன் புது ஆளின் தலையில் விழுந்த கதைகள் என்னிடம் நிறைய உண்டு. அனுமானக் கணக்கில் நாலு வருசம் பில் போட்டுவிட்டு ஒரு நாள் கொம்பனி விழித்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் கேட்டால் பயப்பட வேண்டாம்: பிழை கொம்பனியின் பக்கம் என்றால், பன்னிரண்டு மாதத்துக்கு முந்திய பாவனைக்குப் புதிதாகப் பில் போட முடியாது. இந்த விதி 2018இல் இருந்து உண்டு. அந்த விதியைச் சுட்டி ஒரு கடிதம் எழுதினாலே குரல் மாறிவிடும்.

பில் உங்கள் பெயரில் வந்தால் கொம்பனியை மாற்றும் உரிமையும் உங்களுடையது. வீட்டுக்காரர் சொன்ன கொம்பனிதான் என்றில்லை.

*

கொம்பி பொயிலர் (தாங்கி இல்லாமல் நேரே சுடுதண்ணீர் தருவது) உள்ளவர்களுக்கு ஒரு காசும் செலவில்லாத வேலை ஒன்று உண்டு. பொயிலரின் முகப்பில் இரண்டு திருகி இருக்கும்: ஒன்றில் குழாய் படம், மற்றதில் ரேடியேற்றர் படம். ரேடியேற்றர் படம் உள்ளதை 60 பாகைக்கோ அதற்குக் கீழேயோ இறக்கிவிடுங்கோ. பொயிலரைப் பொருத்த வருகிறவர்கள் அதை 70, 80இல் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

காரணம் இதுதான். 2005இல் இருந்து இங்கிலாந்தில் பொருத்தப்படும் காஸ் பொயிலர்கள் ஏறக்குறைய எல்லாம் புகையில் போகும் நீராவியைக் குளிரவைத்து அதன் சூட்டையும் பிடித்துக்கொள்ளும் வகை. ரேடியேற்றரைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் தண்ணீர் போதிய அளவு குளிர்ந்திருந்தால்தான் நீராவி தண்ணீராகும். 80 பாகையில் அனுப்பினால் திரும்பி வருவதும் கொதித்துக்கொண்டே வரும், ஆவி சும்மா வெளியே போகும். இறக்கியபின் ரேடியேற்றர் தொட்டால் முன்போலச் சுடாது, அறை சூடேறக் கொஞ்சம் நேரம் எடுக்கும். "பழுதாப் போச்சு" என்று வீட்டில் குரல் வரும். இரண்டு நாள் பொறுக்கச் சொல்லுங்கோ.

சுடுதண்ணீர்த் தாங்கி தனியாக உள்ள வீடுகளில் இதைச் செய்யக்கூடாது. தாங்கித் தண்ணீர் 60 பாகையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் லெஜியனெல்லா கிருமி வளரும்.

ரேடியேற்றரின் பக்கத்தில் இருக்கும் இலக்கத் திருகியில் 3 என்பது 20 பாகை அளவு. 5இல் வைத்தால் கெதியாகச் சூடாகும் என்பது பிழை. கூடச் சூடாகும், அவ்வளவுதான். பாவிக்காத அறையில் நட்சத்திரக் குறிக்கு இறக்கிக் கதவைச் சாத்திவிடுங்கோ. ஆனால் மிச்சம் பிடிக்கிறேன் என்று வயதானவர்கள், கைக்குழந்தைகள் இருக்கும் அறையை 18 பாகைக்குக் கீழே விடக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொன்ன அளவு அது. என் மாமி ஒருவர் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருந்து தேவாரம் பாடுவார். அதைச் சிக்கனம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்வதை நிறுத்த வேண்டும்.

*

ஈரம்.

எங்கள் குசினியில் இருந்து எழும் நீராவியை இந்த நாட்டு வீடு எதிர்பார்த்துக் கட்டப்படவில்லை. புட்டு, இடியப்பம், சோறு, பருப்பு. அடுப்பில் எப்போதும் ஏதோ ஒன்று ஆவி விட்டபடி. சூடான காற்று நிறைய ஈரத்தைத் தாங்கும். குளிர்ந்த சுவரைத் தொட்டதும் தாங்காது, அங்கேயே இறக்கி வைத்துவிடும். அலுமாரிக்குப் பின்னாலுள்ள வெளிச்சுவர் மூலைதான் அதற்குப் பிடித்த இடம். பிறகு அங்கே கரும்புள்ளி.

செய்யக்கூடியவை சின்னவை. மூடி போட்டு அவிக்க. குசினிக் கதவைச் சாத்த. காற்றிழுக்கும் விசிறியைப் போட, அவித்து முடிந்த பின்னும் கால்மணி நேரம் ஓடவிட. அந்த விசிறி உண்மையில் இழுக்கிறதா என்று ஒரு ரிஷ்யூத் தாளை ஒட்டிப் பார்க்க. விழுந்தால் அது சத்தம் மட்டும் போடுகிறது, வீட்டுக்காரருக்கு எழுத. யன்னல் சட்டத்தின் மேலுள்ள சின்னக் காற்றுக் கீறலை ரேப் போட்டு அடைக்காமல் விட. அலுமாரியைச் சுவரில் இருந்து நாலு விரல் தள்ள. ஒரு தரம் தோய்த்த உடுப்பு காயும்போது இரண்டு லீற்றர் அளவு தண்ணீர் அறைக்குள் போகிறது. எல்லா ரேடியேற்றரிலும் ஈர உடுப்பை விரித்துவிட்டு யன்னலைப் பூட்டி வைப்பது பூஞ்சணத்துக்கு விருந்து. ஒரு அறை, கதவு சாத்தி, யன்னல் கொஞ்சம் திறந்து, அல்லது ஈரமுறிஞ்சி இயந்திரம். அது 200 வாற் அளவில்தான் இழுக்கும், உடுப்புக் காய்ச்சும் மெஷினைவிட எவ்வளவோ மலிவு.

மண்ணெண்ணெய் ஹீற்றரும் சிலிண்டர் ஹீற்றரும் வேண்டவே வேண்டாம். எரியும்போது அவையே தண்ணீரை ஆவியாக விடும், காபனோரொட்சைட்டும் விடும்.

*

மேலே எழுதியதை வாசித்துவிட்டு ஒரு வீட்டுக்காரர் "பார்த்தீங்களா, எல்லாம் நீங்கள் சமைக்கிறதால வாற பிரச்சினை" என்று சொல்லக்கூடும். ஆகவே அடுத்த குறிப்பு.

2020 டிசம்பரில் றொச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. சூடானிலிருந்து வந்த குடும்பம், வீடமைப்புச் சங்கம் ஒன்றின் ஃபிளாட். தகப்பன் 2017இலேயே பூஞ்சணம் பற்றி முறையிட்டார். பெயின்ற் அடிக்கச் சொன்னார்கள். பூஞ்சணத்தை நெடுநாள் சுவாசித்ததே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். அந்தக் குடும்பம் குளிக்கும் முறையையும் வாழும் முறையையும் பற்றி ஊகம் செய்தது பிழை என்று வீட்டுக்குப் பொறுப்பான அமைப்பே பின்னர் ஒப்புக்கொண்டது. வாளியில் தண்ணீர் அள்ளிக் குளிக்கிறவர்கள் என்பதும் அந்த ஊகத்துக்குள் அடக்கம். எங்களில் எத்தனை பேர் வீட்டுக் குளியலறையில் வாளி இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன்.

அந்தக் குழந்தையின் பெயரில் இப்போது சட்டம் இருக்கிறது. 2025 ஒக்டோபர் 27 முதல், கவுன்சிலும் வீடமைப்புச் சங்கங்களும் அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் வர வேண்டும். கடுமையான ஈரமும் பூஞ்சணமும் என்றால் பத்து வேலைநாளுக்குள் வந்து ஆராய வேண்டும், ஆபத்து என்று கண்டால் அடுத்த ஐந்து வேலைநாளுக்குள் பாதுகாப்பாக்க வேண்டும். தனியார் வாடகைக்கும் இதை விரிக்க 2025ஆம் ஆண்டு வாடகையாளர் உரிமைச் சட்டம் வழி வைத்திருக்கிறது.

*

சட்டம் எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1985இல் வேல்ஸில் குயிக் என்ற வாடகையாளர் தாஃப்-ஈலை கவுன்சிலுக்கு எதிராக நடத்திய வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. காப்பிடாத கொங்கிறீற் உத்தரம், ஒற்றைக் கண்ணாடி, இரும்புச் சட்ட யன்னல். வீடு முழுக்க ஈரம் படிந்து உடுப்பும் தளபாடமும் பழுதாகிவிட்டன. நீதிமன்றம் என்ன சொன்னதென்றால், யன்னலும் உத்தரமும் உடையவில்லையே, கட்டியபடியே இருக்கின்றனவே, உடையாத ஒன்றைத் திருத்தும் கடமை வீட்டுக்காரருக்கு இல்லை. மோசமாகக் கட்டப்பட்ட வீடு, பழுதடைந்த வீடு ஆகாது.

இந்த ஓட்டையை அடைக்க 33 வருசம் எடுத்தது. மனிதர் வாழத் தகுந்த வீடு பற்றிய 2018ஆம் ஆண்டுச் சட்டம் 2019 மார்ச் 20 முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. ஈரம், பூஞ்சணம், மட்டுமீறிய குளிர் எல்லாம் அதில் வருகின்றன. உடைந்ததா இல்லையா என்பது இனிக் கேள்வி இல்லை. அந்த வீட்டில் மனிதர் இருக்கலாமா என்பதே கேள்வி. வாடகையாளரே நேராக நீதிமன்றம் போகலாம். கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவைக் கூப்பிட்டு வீட்டைப் பார்க்கச் சொல்லவும் முடியும்.

பொயிலரும் சுடுதண்ணீரும் பழுதானால் திருத்துவது 1985ஆம் ஆண்டு வீட்டுக்காரர்-வாடகையாளர் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி வீட்டுக்காரர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் "வாடகையாளர் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று எழுதி வைத்திருந்தாலும் செல்லாது.

"முறையிட்டால் எழும்பச் சொல்லிப்போடுவார்" என்ற பயம் நியாயமானது. அப்படி எழும்பியவர்கள் எனக்குத் தெரியும். 2026 மே 1 முதல் காரணம் சொல்லாமல் எழுப்பும் 21ஆம் பிரிவு அறிவித்தல் இங்கிலாந்தில் கொடுக்க முடியாது. எதுவானாலும் தொலைபேசியில் கதைத்துவிட்டு விடாதீர்கள். வட்ஸ்அப்பிலாவது எழுத்தில், படத்தோடு, திகதியோடு. நாளைக்கு நீதவான் கேட்பது அதைத்தான்.

*

டெனிங் பிரபு 1953இல் ஒரு வாடகை வழக்கில் (வொறன் எதிர் கீன்) வாடகையாளரின் கடமைகளைப் பட்டியல் போட்டார். குளிர்காலத்துக்கு வெளியூர் போனால் தண்ணீரைப் பூட்டிப் பொயிலரை வெறுமையாக்க வேண்டும், தேவைப்பட்டால் புகைபோக்கியைத் துப்பரவாக்க வேண்டும், தன் குப்பையால் அடைத்த தொட்டியைத் தானே திறக்க வேண்டும். இன்றைக்கும் நீதிமன்றங்களில் இது மேற்கோள் காட்டப்படுகிறது. 1982இல் இன்னொரு வழக்கு: கடும் குளிரில் வாடகையாளர் ஒன்றிரண்டு இரவு வெளியே தங்க, காப்புச் சுற்றாத தண்ணீர்க் குழாய் வெடித்தது. அந்தச் சின்ன இடைவெளிக்குத் தண்ணீரைப் பூட்டவேண்டிய கடமை அவருக்கு இல்லை என்று தீர்ப்பு வந்தது.

எங்கள் ஆட்கள் போவது ஒன்றிரண்டு இரவு இல்லை. டிசம்பர் விடுமுறைக்கு யாழ்ப்பாணம், கொழும்பு, சென்னை என்று மூன்று நாலு கிழமை. போகும்போது "ஏன் வீணா?" என்று ஹீட்டிங்கை முற்றாக நூர்த்துவிட்டுப் போகிறார்கள். தண்ணீர் உறையும்போது ஒன்பது வீதம் அளவு பெருக்கும், குழாய் பிளக்கும். பிளந்தது உடனே தெரியாது, பனி உருகும்போதுதான் தண்ணீர் வரும். கீழ் ஃபிளாட் ஆட்கள் கதவைத் தட்டும்போது நீங்கள் நல்லூரில் நிற்பீர்கள்.

நூர்க்காதீர்கள். 12 முதல் 15 பாகைக்குள் விட்டுவிட்டுப் போங்கோ. பல காப்புறுதிப் பத்திரங்கள் அப்படி ஒரு அளவைக் கேட்கின்றன. வீடு 30 அல்லது 60 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் காப்புறுதியே கிடையாது என்றும் எழுதியிருக்கும். வீட்டுக்காரரின் காப்புறுதி அவருடைய கட்டடத்துக்கு. உங்கள் ரீவிக்கும் மெத்தைக்கும் நீங்கள்தான் தனியாக எடுக்க வேண்டும். இது தெரியாமல் இருப்பவர்கள் ஏராளம்.

தண்ணீரைப் பூட்டும் ஸ்ரொப்கொக் பெரும்பாலும் குசினித் தொட்டியின் கீழே. வலப்பக்கம் திருகினால் பூட்டும். கடைக்கு மேலுள்ள ஃபிளாட் என்றால் அது கீழே கடைக்குள் இருக்கலாம். கடைக்காரரிடம் இப்போதே கேட்டு வையுங்கோ, இரவு பன்னிரண்டு மணிக்குத் தேட முடியாது. குழாய் வெடித்தால் அதைப் பூட்டி, எல்லாக் குளிர்தண்ணீர்க் குழாயையும் திறந்து, ஹீட்டிங்கை நூர்த்து, பிறகு வீட்டுக்காரருக்கு அடியுங்கோ.

கடுங்குளிரான காலையில் பொயிலர் களகளவென்று சத்தம் போட்டு நின்றால், பல தடவைகளில் அது பழுது இல்லை. பொயிலரில் இருந்து வெளிச்சுவரால் இறங்கும் மெல்லிய வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய் உறைந்திருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரை அதன்மேல் ஊற்றிவிட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்கோ. கொதிதண்ணீர் வேண்டாம், குழாய் வெடிக்கும்.

*

முன்கூட்டிக் காசு போடும் மீற்றர். எழுபதுகளில் வந்த பெரியவர்கள் சில்லிங் போடும் மீற்றரை நினைவு வைத்திருக்கிறார்கள். அறைச் சுவரில் பெட்டி, காசு விழுந்தால் காஸ் எரியும். பெட்டியின் திறப்பு வீட்டுக்காரரிடம். விலையைக் கூட்டி வைத்து அதிலும் சம்பாதித்தவர்கள் உண்டு. இப்போது அது முடியாது. மின்சாரத்தையோ காஸையோ வாங்கி வாடகையாளருக்கு மீற்றர் கணக்கில் விற்கும் வீட்டுக்காரர் தான் கொடுத்த விலைக்கு மேல் ஒரு பென்ஸும் எடுக்கக்கூடாது என்பது ஒஃப்ஜெம் விதி. பில்லின் பிரதியைக் கேட்கலாம். கேட்பவர்கள் குறைவு.

இன்றைய காட் மீற்றரில் உள்ள பொறி வேறு. கோடையில் காஸ் ஹீட்டிங் தேவையில்லை என்று காசு போடாமல் விடுவார்கள். நாளாந்தக் கட்டணம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒக்டோபரில் முதல் குளிருக்கு 20 பவுண் போட்டால் மீற்றர் அந்தக் கடனை முதலில் விழுங்கிவிடும், வீடு குளிர்ந்தபடியே. வட்டிக்கடைக்காரர் வட்டியை முதலில் கழிப்பதைப் போல. கோடையிலும் கிழமைக்குக் கொஞ்சம் போட்டு வைப்பதைத் தவிர வழி இல்லை. முற்றாக முடிந்துவிட்டால் கொம்பனிக்கு அடித்து மேலதிகக் கடன் கேட்கலாம். கவுன்சிலும் உணவு வங்கிகளும் எரிபொருள் வவுச்சர் கொடுக்கின்றன. கைக்குழந்தை, முதியவர், நோயாளி வீட்டில் இருந்தால் கொம்பனியின் முன்னுரிமைப் பதிவில் பெயரைப் போடுங்கோ, இலவசம்.

*

150 பவுண் கழிவு. பெயர் வோம் ஹோம் டிஸ்கவுண்ட். வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் உதவித்தொகை எடுப்பவர்களுக்கு, 2025-26 குளிர்காலத்தில் இருந்து வீட்டின் அளவு பாராமல் எல்லாருக்கும். ஒரு நிபந்தனை: மின்சாரக் கணக்கு உங்கள் பெயரிலோ துணைவர் பெயரிலோ இருக்க வேண்டும். வாடகைக்குள் பில் அடக்கம் என்று இருப்பவர்களுக்கு, அதாவது மிகவும் வசதி குறைந்தவர்களில் பலருக்கு, இது கிடைக்காது. மகன் பெயரில் கணக்கு இருந்து, உதவித்தொகை அம்மா எடுத்தாலும் கிடைக்காது. எங்கள் வீடுகளில் ஆங்கிலம் தெரிந்த மகன் பெயரில்தான் எல்லாக் கணக்கும் இருக்கிறது. பெயரை மாற்ற ஒரு தொலைபேசி அழைப்புக் காணும்.

ஏழு நாள் சராசரி சைபர் பாகையோ அதற்குக் கீழேயோ போனால் 25 பவுண் கொடுக்கும் திட்டமும் உண்டு. லண்டனில் அது அரிது.

*

வீடு பார்க்கப் போகும்போது பஸ் எத்தனை நிமிடம், கோயில் எத்தனை தூரம் என்று கேட்கிறோம். வீட்டின் சக்தித் திறனைக் காட்டும் ஈ.பி.சி. சான்றிதழ் என்ன எழுத்து என்று கேட்பதில்லை. முகவரியைப் போட்டால் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 2018 ஏப்ரல் முதல் புது வாடகைக்கும் 2020 ஏப்ரல் முதல் பழைய வாடகைக்கும், விலக்கு இல்லாவிட்டால், எஃப், ஜி எழுத்து வீடுகளை வாடகைக்கு விடக்கூடாது. 3,500 பவுண் வரை செலவழித்தும் ஈ எழுத்துக்கு வராவிட்டால் விலக்குக் கேட்கலாம். வாடகை 50 பவுண் குறைவு என்று எடுத்த வீடு, ஒற்றைக் கண்ணாடியும் காப்பிடாத கூரையும் என்றால், அந்த 50ஐ ஜனவரியில் இரட்டிப்பாகத் திருப்பிக் கேட்கும்.

2016இல் இருந்து தனியார் வாடகையாளர் வீட்டில் சக்தி சேமிக்கும் வேலை செய்ய அனுமதி கேட்டால் வீட்டுக்காரர் நியாயமில்லாமல் மறுக்கக்கூடாது என்று ஒரு விதியும் இருக்கிறது. அழகான விதி. செலவை யார் போடுவது என்ற இடத்தில் படுத்துவிடுகிறது.

வாடகையாளர் தன் காசில் செய்து, எழும்பும்போது கழற்றிக்கொண்டு போகக்கூடியவை என்று பார்த்தால்: கடிதத் துளைக்குத் தும்புத் தடுப்பு, கதவடிக்கு நீளத் தலையணை (பழைய சேலையில் மணலோ துணியோ அடைத்துத் தைக்கலாம்), யன்னல் சட்டத்தில் ஒட்டி ஹெயார் டிறையரால் சூடு காட்டி இழுக்கும் மெல்லிய பிளாஸ்ரிக் தாள், தடித்த திரை. திரை ரேடியேற்றருக்கு மேல் தொங்கக்கூடாது. சூடு முழுக்கக் கண்ணாடிக்குப் போகும். வெளிச்சுவரில் காற்றுக்காக வைத்திருக்கும் துளைக் கல்லை மட்டும் அடைக்க வேண்டாம், காஸ் அடுப்பு உள்ள அறையில் அது உயிர்ப் பிரச்சினை. காஸ் மணம் வந்தால் லைற் சுவிச்சைத் தொடாமல் யன்னலைத் திறந்து, வெளியே வந்து 0800 111 999.

*

இலவசமாகச் சுவருக்குக் காப்புப் போடுகிறோம் என்று கதவைத் தட்டுகிறவர்கள். வாடகையாளர் கையெழுத்து வைக்கக்கூடாது, வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும். வீட்டுக்காரரும் கவனிக்க வேண்டும். அரசுத் திட்டங்களின் கீழ் வெளிச்சுவர்க் காப்புப் போட்ட வீடுகளில் 98 வீதமானவற்றில் திருத்த வேண்டிய குறைகள் இருக்கின்றன என்று தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2025 ஒக்டோபரில் சொன்னது. 22,000 வீடுகளுக்கு மேல். பிழையாகப் போட்ட காப்பு மழைத்தண்ணீரைச் சுவருக்குள் பூட்டி வைக்கும்; குளிருக்குப் போட்டது பூஞ்சணத்தில் முடியும்.

பிரெண்டா போர்ட்மன் 1991இல் எரிபொருள் வறுமை பற்றி எழுதிய நூலில் சொன்ன அடிப்படை இன்னும் அப்படியே நிற்கிறது: வருமான உதவி ஒரு குளிர்காலத்தைக் கடத்தும், வீட்டில் போடும் முதலீடுதான் பில்லைக் குறைக்கும். வாடகை வீட்டில் முதல் போடுகிறவர் ஒருவர், பில் கட்டுகிறவர் இன்னொருவர். சிக்கல் முழுக்க அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. நான் மேலே எழுதிய திருகிகளும் தலையணைகளும் அந்த இடைவெளியைத் துணியால் அடைக்கும் வேலை. தேவை, ஆனால் போதாது.

*

இந்தக் குறிப்புகளை வாசிப்பவர்களில் வீட்டுக்காரர்களும் இருப்பார்கள். எங்கள் ஆட்கள் இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விடுவது புதிய விடயம் இல்லை, அந்த வீடுகளில் எங்கள் பெடியன்களே இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். செப்டெம்பரில் பொயிலரைச் சோதிக்க ஆளை அனுப்புங்கோ; காஸ் பாதுகாப்புச் சோதனை வருசத்துக்கு ஒரு தடவை எப்படியும் சட்டம். கூரைக்குள் போகும் குழாய்களுக்கு நுரைக் காப்புச் சுற்றுங்கோ, கொஞ்சப் பவுண்தான். காபனோரொட்சைட் அலாரம், காஸ் அடுப்புத் தவிர்ந்த நிலையான எரிபொருள் சாதனம் உள்ள ஒவ்வொரு அறையிலும், 2022 ஒக்டோபரில் இருந்து கட்டாயம். கட்டுப்பாட்டுப் பெட்டியின் பூட்டைக் கழற்றி, ரேடியேற்றருக்குத் திருகி போட்டு, அறையில் இருப்பவர் கையில் விடுங்கோ. கரும்புள்ளிப் படம் வட்ஸ்அப்பில் வந்தால் "யன்னலைத் திறவுங்கோ" என்று பதில் போட முதல், ஒரு தடவை நேரில் போய் அந்தச் சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கோ.